முப்பது காசும் பத்து வாழைப்பழமும்

"புதுசா வாறவன் ஒண்ணும் யோசிக்காண்டாம். லிஸ்ட்டப் பாத்து வரிசையா முடிச்சாப் போதும்." ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் விளையாடுகிற நெல்லைப் பையன்களிடம் இந்தப் பேச்சு வேதவாக்காகிவிட்டது. பாளையங்கோட்டை விடுதி அறையிலோ பெருமாள்புரம் மொட்டைமாடியிலோ ஒருவன் புதிதாகக் கணக்குத் தொடங்கினால், தன் ஆளுக்குப் பெயர் வைத்து முடிக்கும் முன்பே வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்து விழுகிறது. முதலில் எந்தக் குவெஸ்ட், அடுத்து எது, எந்த லெவல்வரை எங்கே நிற்க வேண்டும், எந்தக் கடையில் எதை எத்தனை வாங்க வேண்டும் எல்லாம் அதில் இருக்கும். அனுப்புகிறவன் நல்ல மனதோடுதான் அனுப்புகிறான். அந்த மனதின்மேல் எனக்குக் குறையில்லை. பட்டியலின்மேல் இருக்கிறது, பல வருடமாக இருக்கிறது. நன்றாக விளையாடத் தெரிந்த நண்பர் ஒருவர் அண்மையில் அந்தப் பட்டியலுக்காக நீளமாக வாதாடினார். அவருக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

ஒரு விளையாட்டின் ஆரம்பப் பாடத்துக்கு இத்தனை கவலையா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். தமிழ்நாட்டில் ஆன்லைன் விளையாட்டு என்றாலே பேச்சு ரம்மிக்குப் போய்விடுகிறது. 2022-ல் சட்டமன்றம் நிறைவேற்றிய தடைச் சட்டம், 2025-ல் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம், கடனில் மூழ்கிய குடும்பங்கள் என்று அதற்குள்ளேயே சுற்றி முடிந்துவிடுகிறது. அந்தப் பேச்சு அவசியமானது. ஆனால் பந்தயப் பணம் இல்லாத, வருடக்கணக்கில் ஒரு மனிதனோடு கூடவே வருகிற விளையாட்டுகளைப் பற்றித் தமிழில் யாரும் நின்று பேசுவதில்லை. நாவலைப் பற்றியும் சினிமாவைப் பற்றியும் பேசுகிற அக்கறையோடு பேசத் தகுந்தவை அவற்றில் சில உண்டு. இது அவற்றில் ஒன்று.

வரலாறு தெரிந்ததுதான். 2001 ஜனவரியில் ஆண்ட்ரூ கோவர் இங்கிலாந்தில் தொடங்கிய ரூன்ஸ்கேப், 2012 நவம்பரில் சண்டை முறையை அடியோடு மாற்றியது. பழைய ஆட்கள் கொதித்தார்கள். விளையாட்டை நடத்தும் ஜாகெக்ஸ் நிறுவனம் 2007 ஆகஸ்ட் மாதத்துப் பிரதி ஒன்றைப் பாதுகாத்து வைத்திருந்தது. வாக்கெடுப்பில் ஏறத்தாழ 4.5 லட்சம் பேர் அதைக் கேட்டார்கள், 2013 பிப்ரவரியில் ஓல்ட் ஸ்கூல் பிறந்தது. 2018 அக்டோபரில் கைபேசிக்கு வந்தது, 2019-ல் மக்கள் வாக்கில் பாஃப்டா விருதும் வாங்கியது. நம் ஊரில் இதற்கு ஒட்டிக்கொள்ள இடம் கிடைத்ததற்குக் காரணம் எளிமையானது. 0.6 விநாடிக்கு ஒருமுறைதான் இந்த உலகம் அசையும். பிஎஸ்என்எல் 256 கேபிபிஎஸ் காலத்தில் ஜங்ஷன் பக்கத்து பிரவுசிங் சென்டரிலும் அது ஓடியது. எதையும் நிறுவாமல் பிரவுசரிலேயே ஓடியதால் கடைக்காரரிடம் கெஞ்ச வேண்டியதும் இல்லை.

பட்டியலின் நன்மைகளை மறுக்க முடியாது. "உன் கவசத்தைக் கொடு, தங்கக்கரை போட்டுத் தருகிறேன்" என்று ஏமாற்றுகிறவனிடமிருந்து அது புதியவனைக் காப்பாற்றுகிறது. பார்பேரியன் வில்லேஜ் நிலவறையில் கடவுச்சொல் பாதுகாப்பைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொன்னால் 10,000 காசு கிடைக்கும் என்று சொல்லி அனுப்புவது இரட்டை உபகாரம். முதல் நாளே சந்தா கட்டாதே என்பதும் நல்ல யோசனை. பட்டியலுக்கெல்லாம் தாயான, இந்த விளையாட்டின் விக்கியோ, சம்பளம் இல்லாத உழைப்பால் கட்டி எழுப்பிய பெரிய காரியம். தமிழில் எந்தத் துறைக்காவது அப்படி ஒரு களஞ்சியம் இருந்தால் நாம் கொண்டாடியிருப்போம். நிற்க.

என் எதிர்ப்பு ஒன்றே ஒன்று. இந்த அறிவுரை புதியவனை எல்லா ஆபத்திலிருந்தும் காக்கிறது, கூடவே புதியவனாக இருப்பதிலிருந்தும் காத்துவிடுகிறது. ரூன்ஸ்கேப் என்ற வேலைப்பாட்டில் சிறந்த பகுதி, ஒன்றும் தெரியாதவனுக்காகவே செய்தது. தெரிந்துகொண்டு உள்ளே போகிறவன் கண்ணுக்கு அது படாது.

கரம்ஜாத் தீவை எடுத்துக்கொள்வோம். போர்ட் சாரிம் துறைமுகத்தில் கப்பல்காரன் 30 காசு கேட்கிறான். கோப்ளின்களைக் கொன்று சேர்த்த 30 காசை அப்படியே நீட்டிவிட்டு ஏறிக்கொள்கிறான் நம் ஆள். எரிமலையும் பனைமரமும் உள்ள தீவு. சுற்றிப் பார்த்துவிட்டுத் துறைக்கு வந்தால் திரும்பவும் 30 காசு. கையில் இல்லை. பாங்க் கடலுக்கு அந்தப் பக்கம். தொடங்கிய ஊரான லம்பிரிட்ஜுக்குத் திரும்பும் மந்திரம் ஒன்று உண்டு, ஆனால் கப்பலில் வந்தவன் கப்பலில்தான் திரும்பப் பார்ப்பான். விழித்துக்கொண்டு நிற்கிறவன் கண்ணில் ஒரு வாழைத்தோட்டம் படுகிறது. தோட்டக்காரர் லூத்தாஸ். வேலை இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது. மரம் மரமாகப் போய்ப் பழம் பறித்து, வாசலில் உள்ள பெட்டியில் 10 பழம் அடுக்க வேண்டும். கூலி 30 காசு. கப்பல் கட்டணம் அதே 30. கூடக் குறையக் கிடையாது.

ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வாசகர்களுக்கு வாழைத்தோட்டக் கூலியின் கணக்கைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே கவனிக்க வேண்டியது, செய்தவனின் கை. முட்டாள்தனமாகச் செலவு செய்துவிட்டுத் தீவில் மாட்டிக்கொள்ளும் ஒருவன் வருவான் என்று எவனோ உட்கார்ந்து யோசித்திருக்கிறான். அவனைத் திட்டவில்லை, எச்சரிக்கைப் பலகை வைக்கவில்லை, இலவசமாகவும் ஏற்றிவிடவில்லை. மானத்தோடு ஊர் திரும்ப ஒரு நாள் வேலை வைத்திருக்கிறான்.

இன்னும் இருக்கிறது. கூலி வாங்கும்போது பழம் எங்கே போகிறது என்று லூத்தாஸிடம் கேட்கலாம். போர்ட் சாரிமில் மளிகைக் கடை வைத்திருக்கும் வைடினுக்கு என்பார். கப்பலேறும்போது சுங்க அதிகாரி பையைச் சோதிப்பார். ஏன் என்றால், போர்ட் சாரிம் உள்ள நாட்டுக்குள் சாராயம் கொண்டுபோகத் தடை என்பார். சில நாள் கழித்து அதே துறைமுகத்தில் சிவப்புத் தாடிக்காரக் கிழட்டுக் கொள்ளையன் ஒருவன், கரம்ஜாவிலிருந்து ஒரு புட்டி ரம் வாங்கி வா, புதையல் ரகசியம் சொல்கிறேன் என்று கேட்கிறான். வாழைப்பழம் அடுக்கியவனுக்கு விடை கைக்குள்ளேயே இருக்கிறது. சோதனை நடக்கும், தெரியும். பெட்டி யார் கடைக்குப் போகும், தெரியும். ரம்மைப் பெட்டியில் போட்டு மேலே பழத்தை அடுக்கி அனுப்பிவிட்டு, வைடின் கடையில் வேலைக்குச் சேர்ந்து அந்தப் பக்கம் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அன்று மாட்டிக்கொண்ட அவமானமே இன்று துப்பு. எந்தத் துப்பறியும் நாவலும் வாசகனை இவ்வளவு நாசூக்காகத் தயார்செய்ததாக எனக்கு நினைவில்லை.

இதற்கு நம் பட்டியலில் உள்ள வரி: போகும்போது 60 காசு கொண்டு போ.

வரி சரியானதுதான், பிழையே கிடையாது. ஆனால் அந்த ஒரு வரி தோட்டத்தையும் கூலியையும் கேள்வியையும் சோதனையையும் துடைத்துப் போட்டுவிடுகிறது. பிறகு கொள்ளையனின் குவெஸ்ட் வரும்போது அதற்கும் ஒரு வரி தர வேண்டியிருக்கிறது: ரம் வாங்கு, பெட்டியில் போடு, பழம் 10, வைடின் கடை. முதல் வரியால் குருடானவனுக்கு இரண்டாவது வரி கைத்தடி. அப்படித்தான் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. அது தீர்த்து வைக்கும் சிக்கல்களில் பாதி அது உண்டாக்கியவை.

இதற்கும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். இந்த விளையாட்டை ஓட்டும் ரூன்லைட் என்ற செயலியில் குவெஸ்ட் ஹெல்பர் என்று ஒரு இணைப்பு உண்டு. அதைப் போட்டுக்கொண்டால் அடுத்து யாரிடம் பேச வேண்டும், எந்தக் கதவைத் திறக்க வேண்டும், பேசும்போது எந்தப் பதிலைச் சொல்ல வேண்டும் என்று திரையில் நிறம் அடித்துக் காட்டும். லம்பிரிட்ஜ் கோட்டைச் சமையல்காரனுக்கு முட்டை, பால், மாவு கொண்டுவரும் முதல் குவெஸ்ட்டுக்கே இதைப் போட்டு விளையாடுகிறவனைப் பார்த்திருக்கிறேன். மாவு எடுப்பது சின்ன வேலை, ஆனால் அழகான வேலை. வயலில் கோதுமை பறித்து, காற்றாலையின் உச்சி மாடிக்கு ஏறி, வாய்ப்பெட்டியில் கொட்டி, விசையை இழுத்துவிட்டு, கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்து பானையில் அள்ள வேண்டும். உச்சியில் கொட்டியது எங்கே போயிற்று என்று ஒரு கணம் திகைத்து, பிறகு கீழே இறங்கிப் பார்க்கத் தோன்றும் அந்தக் கணத்துக்காகத்தான் மூன்று மாடி கட்டியிருக்கிறார்கள். இவன் நீலக் கட்டத்தைத் தொட்டான், ஏறினான், தொட்டான், இறங்கினான், தொட்டான். மாவு வந்தது. ஆலை என்று ஒன்று இருந்ததையே அவன் கவனித்ததாகத் தெரியவில்லை.

பட்டியலின் மகுடம் வாட்டர்ஃபால் குவெஸ்ட். "ஏல, லம்பிரிட்ஜ்லயே எதுக்குச் சுத்திக்கிட்டு கெடக்க? மொதல்ல வாட்டர்ஃபால் முடி" என்பதுதான் சந்தா கட்டிய நாளில் எல்லாப் பையனும் கேட்கும் முதல் வாக்கியம். காரணம் கணக்கு. அதை முடித்தால் தாக்குதலுக்கும் வலிமைக்கும் தலா 13,750 எக்ஸ்பி, அதாவது அனுபவப் புள்ளி. இரண்டும் ஒரே அடியில் 1-லிருந்து 30-க்குப் போய்விடும். ஒரு மாட்டை வெட்டினால் 32 எக்ஸ்பி என்று வைத்தால், 800-க்கு மேல் மாட்டை வெட்டும் வேலை மிச்சம். கணக்கு அசைக்க முடியாதது.

ஆனால் அந்த அருவிக்குள் என்ன இருக்கிறது? பக்ஸ்டோரியன் என்ற எல்ஃப் அரசனின் துக்கம் இருக்கிறது. மனைவி கிளாரியலைப் பகைவரிடம் இழந்தவன், அவளும் தானும் மட்டுமே நுழையக்கூடிய அருவிக்கடியில் போய் அடைந்துகொண்ட கதை இருக்கிறது. அதைச் சொல்லும் புத்தகத்தைப் படித்தால்தான் குவெஸ்ட் மேலே நகரும். கிளாரியலின் கல்லறைக்குள் ஆயுதமோ கவசமோ இல்லாமல் வெறுங்கையோடுதான் நுழைய முடியும். ஒரு பெண்ணின் சமாதிக்குப் போகிறவன் அப்படித்தான் போக வேண்டும் என்று விளையாட்டே விதித்திருக்கிறது. பட்டியல் என்ன சொல்கிறது? புத்தகத்தைத் திற, மூடு. கல்லறைக்குப் போகும்முன் எல்லாவற்றையும் பாங்கில் போடு. அவ்வளவுதான். பாணதீர்த்தமும் அகத்தியர் அருவியும் பார்த்து வளர்ந்த பிள்ளை அது. அருவிக்குப் பின்னால் ஒரு அரண்மனை இருக்கிறது என்று கேட்டால் நெஞ்சு படபடக்க வேண்டிய வயது. அவனிடம் 13,750 என்ற எண்ணைக் கொடுத்து அனுப்புகிறோம். திரும்பி வந்து அவனும் அந்த எண்ணைத்தான் சொல்கிறான்.

இந்தப் பட்டியலை எழுதியது யார் என்று யோசித்தால் கோளாறு எங்கே என்று புரிந்துவிடும். எழுதியவர்கள் எல்லாம் பார்த்து முடித்தவர்கள். இரண்டாவது, மூன்றாவது கணக்குத் தொடங்கும்போது முதல் கணக்கில் வீணான நேரத்தை எப்படி மிச்சம் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டவர்கள். அவர்களுக்கு அந்தக் கணக்கு நியாயமானது. தீவு அவர்களுக்குத் தெரியும், அருவி தெரியும், துக்கம் தெரியும். ஒருமுறை அழுத புத்தகத்தை இரண்டாவது முறை புரட்டிப் போகலாம், தப்பில்லை. பழையவனின் இரண்டாவது கணக்குக்காக எழுதியதைப் புதியவனின் முதல் கணக்குக்கு நீட்டுவதுதான் தப்பு. இந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் எதை நோக்கிப் போகின்றன? பாரோஸ் கையுறையை நோக்கி. அதைத் தரும் ரெசிபி ஃபார் டிசாஸ்டர் 2006-ல் வந்த 100-ஆவது குவெஸ்ட். லம்பிரிட்ஜில் முட்டையும் பாலும் கேட்ட அதே சமையல்காரனிடம்தான் அது தொடங்குகிறது. காலம் பல கடந்து, ஊர் உலகமெல்லாம் அலைந்து, முதல் நாள் தான் உதவிய மனிதனிடமே திரும்பி வந்து நிற்கும் அனுபவம் அது. நீலக் கட்டத்தைத் தொட்டுப் போனவனுக்கு அந்தச் சமையல்காரன் யார் என்று எப்படி ஞாபகம் இருக்கும்? கையுறை எதற்கு என்றுகூட அவனுக்குத் தெரியாது. வேண்டும் என்று சொன்னார்கள், வேண்டியிருக்கிறது. ஆசையைக்கூட அடுத்தவன் பட்டியலிலிருந்து இரவல் வாங்கியாகிவிட்டது.

திருநெல்வேலிக்கு வருகிறவர்களிடம் நாமே இதைத்தான் செய்கிறோம். ஜங்ஷனில் இறங்கு, டவுனுக்கு ஆட்டோ பிடி, சாயங்காலம் இருட்டுக்கடை திறந்ததும் வரிசையில் நில், அல்வா வாங்கு, ரயிலைப் பிடி. வந்தவனும் ஊருக்குப் போய் திருநெல்வேலி பார்த்தேன் என்கிறான். எதிரே கோயிலுக்குள் தட்டினால் ஸ்வரம் பேசும் கல்தூண் இருக்கிறது. குறுக்குத்துறையில் வெள்ளம் வந்தால் மூழ்கி, வடிந்தால் எழுந்து நிற்கும் முருகன் கோயில் இருக்கிறது. அல்வா நல்ல அல்வாதான். ஆனால் வழி தவறி ரதவீதியில் நாலு சுற்றுச் சுற்றியவனுக்குத் தெரியும் ஊர், பொட்டலத்தோடு போனவனுக்குத் தெரியாது.

கூடி விளையாடுவதற்கென்றே செய்த விளையாட்டு இது என்பதையும் பட்டியல் மறக்கடித்துவிட்டது. பிரவுசிங் சென்டர் காலத்தில் வாரக் நகரத்துப் பாங்க் வாசலில் நீலக் கவசம் போட்ட ஒருவன் வந்து நின்றால், நாலு பேர் சூழ்ந்துகொண்டு இது எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். சிலர் பதில் சொல்வார்கள், சிலர் ஏமாற்றுவார்கள், ஒருவன் கூடவே நடந்து வந்து காட்டுவான். லம்பிரிட்ஜிலிருந்து வாரக் போகும் பாதையோரம் கல்வட்டத்தில் நிற்கும் கறுப்பு மந்திரவாதிகளிடம் அடிபட்டுச் செத்தவன், அடுத்த முறை அந்தப் பக்கம் போகிற புதியவனிடம் "அண்ணே, மேற்காலச் சுத்திப் போங்க" என்பான். தான் செத்து அறிந்ததை இன்னொருவனுக்குக் கொடுக்கிறான். அப்படிப் பிறந்த பழக்கங்கள் எனக்குத் தெரிந்து இன்னும் முறியாமல் இருக்கின்றன. இன்றைக்கு லம்பிரிட்ஜ் முற்றத்தில் எத்தனையோ பேர் நிற்கிறார்கள். யாரும் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. கேட்க என்ன இருக்கிறது, எல்லாம் பக்கத்து ஜன்னலில் திறந்திருக்கிறதே. மந்திரவாதிகளிடம் யாரும் சாவதும் இல்லை, யாரும் எச்சரிப்பதும் இல்லை.

இந்தப் போக்கு உச்சத்தில் எங்கே போய் நிற்கும் என்பதற்கு விண்டர்டாட் நல்ல உதாரணம். பனிப் புயலோடு கூட்டமாகப் போராடும் இடம் அது, சில வருடம் முன்புவரை அங்கே வாங்கும் அடி ஆளின் உயிர்ப்புள்ளிக்கு ஏற்பக் கூடும். ஆகவே அறிவுரை இப்படி ஆயிற்று: சண்டை எதுவும் கற்றுக்கொள்ளாதே, உயிர்ப்புள்ளி 10-லேயே இரு, தீமூட்டும் திறனை மட்டும் 50-க்குக் கொண்டுபோ, நேரே அங்கே போய் 99 வரை அடுப்பில் விறகு போடு. ஒரு புது மனிதன், ஊர் உலகம் எதையும் பார்க்காமல், வளராமல் இருப்பதே லாபம் என்று, ஒரே அறையில் மணிக்கணக்காக விறகு போட்டுக்கொண்டிருந்தான். 99-க்கு வேண்டியது 1,30,34,431 எக்ஸ்பி. 92-ஆம் லெவலில்தான் அதில் பாதி வரும் என்று விவரமறிந்தவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அறைக்கு அனுப்பப்பட்ட பையன்களில் பலர் சில வாரத்தில் விளையாட்டையே விட்டுவிட்டதைப் பார்த்திருக்கிறேன். போரடிச்சிட்டு என்றார்கள். அவர்கள் விளையாட்டைப் பார்க்கவே இல்லை. அறிவுரையைத்தான் பார்த்தார்கள், அது போரடித்தது.

என் நண்பரின் வாதங்களுக்கு வருகிறேன். முதல் வாதம் நேரம். வேலைக்குப் போகிறவனுக்கு, பரீட்சை எழுதுகிறவனுக்கு அலைய நேரமில்லை என்கிறார். ஆனால் பட்டியலைப் பிடித்துப் போனவர்கள் நேரத்தை மிச்சம் பிடித்து வேறு எதற்கும் கொடுக்கவில்லை. மிச்சம் பிடித்த மணி நேரங்களையும் மேலே உள்ள லெவல்களில்தான் கொட்டுகிறார்கள். இந்த விளையாட்டில் மேலே போகப் போக ஒவ்வொரு லெவலும் நீண்டுகொண்டே போகும், வித்தியாசமோ குறைந்துகொண்டே போகும். ஆகப் பல்சுவையான முதல் 50 மணி நேரத்தைச் சுருக்கி, ஒரே சுவையான பின்பகுதியை நீட்டிக்கொள்கிறார்கள். இதை நேர மிச்சம் என்று என்னால் ஒப்ப முடியாது. ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் உண்டு என்கிறவனுக்குத்தான் கரம்ஜா அதிகம் தேவை.

இரண்டாவது வாதம், பழைய விளையாட்டு கரடுமுரடானது, துப்பே தராத குவெஸ்ட்கள் உண்டு, பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்பது. உண்மைதான், சில இடங்களில் எழுதியவர்களின் அலட்சியம் தெரிகிறது. அங்கே மாட்டிக்கொண்டவன் விக்கியைத் திறக்கட்டும், நானும் திறந்திருக்கிறேன். ஆனால் மாட்டிக்கொண்ட பிறகு திறப்பது வேறு, மாட்டிக்கொள்ளாமல் இருக்கத் திறப்பது வேறு. முன்னதில் கேள்வி அவனுடையது.

மூன்றாவது வாதத்தைத்தான் அவர் பெரிதாக நம்புகிறார்: வேண்டாதவன் பார்க்காமல் இருக்கலாமே, யார் கட்டாயப்படுத்தினார்கள்? கட்டாயம் இல்லைதான். ஆனால் வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் நிலையில் புதியவன் இல்லை. எதை இழக்கப் போகிறான் என்று தெரிந்தவன்தான் வேண்டாம் என்று சொல்ல முடியும், அவனுக்கோ அது தெரியாது. எட்டு வருடம் விளையாடிய அண்ணன் அனுப்பிய பட்டியல், அவன் கண்ணில் யோசனையாகத் தெரியாது, உத்தரவாகத்தான் தெரியும். அதை விட்டு விலகி ஒரு காட்டுக்குள் நுழைந்தால் எக்ஸ்பி வேஸ்ட் என்று பக்கத்து நாற்காலியிலிருந்து குரல் வரும். தவிர, அறிந்த ஒன்றை அறியாததாக ஆக்கிக்கொள்ள யாராலும் முடியாது. 60 காசு என்று காதில் விழுந்தவன் இனி ஒருநாளும் கரம்ஜாவில் மாட்டிக்கொள்ளப் போவதில்லை. அவனுக்கு அந்தத் தோட்டம் முடிந்தது. இதைச் செய்ய நமக்கு என்ன உரிமை என்பதே என் கேள்வி.

அப்படியானால் பழையவன் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா என்றால், இல்லை. தெரிந்தவன் தெரியாதவனைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப்போகும் நல்ல முறை இந்த ஊருக்குப் புதிதல்ல. வண்ணாரப்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் கூடிய வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டத்தில் கம்பன் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டால், அதையே திரும்பத் திரும்பச் சொல்லி, நிறுத்தி, கேட்பவர் தாமே ருசி காணும்வரை அதிலேயே உட்கார்ந்திருப்பார்களாம். எத்தனை பாட்டு முடித்தோம் என்று அங்கே யாரும் எண்ணியதாகக் கேள்விப்படவில்லை. பழைய ஆட்டக்காரன் செய்ய வேண்டியதும் அதுதான். திருட்டைப் பற்றியும் ஏமாற்றைப் பற்றியும் முதலிலேயே எச்சரித்துவிடலாம், அதில் ஒளிவு மறைவு வேண்டாம். செத்தால் என்னவாகும், பொருள் எங்கே கிடக்கும் என்று சொல்லலாம். பிறகு எண் எதுவும் சொல்லாமல் ஒரு திசையைக் காட்டலாம். மேற்கே துறைமுகம் இருக்கிறது, அங்கே கப்பல் நிற்கும் என்று சொன்னால் போதும். அவன் போகட்டும், மாட்டிக்கொள்ளட்டும். ராத்திரி கூப்பிட்டு "அண்ணே, திரும்பி வரக் காசு இல்ல, என்ன செய்ய?" என்று கேட்டால், சுற்றிலும் என்ன இருக்கிறது என்று அவனையே கேட்க வேண்டும். வாழைமரம் என்று அவன் சொல்லும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவர், தயவுசெய்து யாருக்கும் பட்டியல் அனுப்ப வேண்டாம்.